ஜீப்பின் நெற்றியில் இத்தனை விளக்கு எதற்கு?



காட்டிலும் பாலைவனத்திலும் ஓடும் ஜீப்புகளின் படத்தை நீ பார்த்திருப்பாய். முன்னால் எல்லா வண்டிக்கும் உள்ள இரண்டு ஹெட்லைட். பம்பர் மேலே இன்னும் இரண்டு பெரிய வட்ட விளக்குகள். கூரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீளமாக ஒரு விளக்குப் பட்டை. பார்த்ததும், "ஏன் மாமா, இரண்டு போதாதா?" என்று கேட்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால் சபாஷ்! பெரியவர்களில் பலர், "எல்லாம் அலங்காரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சில வண்டிகளில் அது அலங்காரம்தான். ஊர் எல்லையைத் தாண்டாத ஜீப்புக்கு எட்டு விளக்கு எதற்கு? ஆனால் அந்த விளக்குகள் உண்மையாகவே தேவைப்படுகிற இடமும் இருக்கிறது. வா, அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவின் தெற்கே நல்லர்பார் என்று ஒரு பெரிய சமவெளி. மரமே அபூர்வம். அதன் வழியே ஐர் நெடுஞ்சாலை போகிறது. அந்தச் சாலையில் ஓரிடத்தில் 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம்! தெருவிளக்கும் கிடையாது. நிலா இல்லாத இரவில் வண்டியின் விளக்கை அணைத்தால், நீட்டிய உன் கை உனக்கே தெரியாது.

அங்கே இரவில் சாலைக்கு வருகிறவர்கள் யார் தெரியுமா? கங்காருக்கள். பகல் வெயிலில் நிழலில் படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் மேய்ச்சலுக்குக் கிளம்பும். மழை பெய்தால் தார்ச்சாலையில் விழுந்த நீர் ஓரத்தில் வழியும். அதனால் வறண்ட நாட்டிலும் சாலையோரத்தில் கொஞ்சம் பச்சைப் புல் இருக்கும். அந்தப் புல்லுக்காகவே கங்காரு சாலைக்கு வருகிறது. செங்கங்காரு ஒரே தாவலில் 8 மீட்டர்வரை பாயும். வளர்ந்த ஆண் 80 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அது எந்தப் பக்கம் தாவும் என்று அதற்கே தெரியாது என்று அந்த ஊர் ஓட்டுநர்கள் சொல்வார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்.

வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியென்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். ஓட்டுநர் கங்காருவைப் பார்க்கிறார். "ஐயோ" என்று மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகிறது என்று வை. அதற்குள் வண்டி 42 மீட்டர் ஓடிவிட்டது! பிரேக்கை அழுத்திய பிறகும் காய்ந்த தார்ச்சாலையில் நிற்க இன்னும் 55 மீட்டர் வேண்டும். கூட்டிப் பார். ஏறத்தாழ 97 மீட்டர். சரளை மண் பாதையாக இருந்தால் டயர் வழுக்கும். மொத்தம் 140 மீட்டர் ஆகிவிடும்.

ஹெட்லைட் எவ்வளவு தூரம் காட்டும்? டிம்மில் வைத்தால் 60 மீட்டர் தெரிந்தால் அதிகம். எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது என்பதற்காக, டிம் வெளிச்சம் மேலே போகாதபடி வெட்டியே அமைத்திருக்கிறார்கள். பிரைட்டில் வைத்தால் 100, 150 மீட்டர் தெரியும். நிற்கத் தேவை 140. தெரிவது 100 முதல் 150. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசி. ஏன் கூடுதல் விளக்கு வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

"அப்படியானால் பெரிய விளக்காக வாங்கி மாட்டினால் முடிந்தது!" என்கிறாயா? பொறு. எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் கேட்கிறவர் இந்த விஷயத்தில் ஏமாந்துபோவார். அந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்று கேட்க வேண்டும். இன்று நான் உனக்குச் சொல்ல வந்ததே அதுதான்.

ஒரு சோதனை செய். அம்மாவின் கைப்பேசியை வாங்கி டார்ச்சைப் போடு. அறை இருட்டாக இருக்கட்டும். 5 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுர அட்டையை வெட்டிக்கொள். சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிக் கைப்பேசியைப் பிடி. இரண்டுக்கும் நடுவே, கைப்பேசியிலிருந்து 30 சென்டிமீட்டரில் அட்டையை நிறுத்து. சுவரில் விழும் நிழலை அளந்து பார். 10 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கும். அதில் எத்தனை அட்டை அடங்கும்? இரண்டு அல்ல, நான்கு!

அட்டை இல்லாவிட்டால் அதே வெளிச்சம் நான்கு அட்டை அளவுள்ள இடத்தில் பரவியிருக்கும். தூரம் இரண்டு மடங்கு ஆனது. வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. சுவரை 90 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு. எங்கே, நான்கு மடங்கு தூரத்தில் எவ்வளவு என்று நீயே சொல்.

பதினாறில் ஒரு பங்கு. சரியாகச் சொன்னாய்!

இதனால் ஜீப் வைத்திருப்பவருக்கு என்ன சங்கடம் தெரியுமா? ஒரு விளக்கு 300 மீட்டரில் நன்றாகக் காட்டுகிறது. அதே அளவு 600 மீட்டரிலும் வேண்டும் என்றால் நான்கு மடங்கு வலுவுள்ள விளக்கு வேண்டும். அப்போதும் கிடைப்பது இரண்டு மடங்கு தூரம்தான்.

பல விளக்குப் பெட்டிகளின் மேல் லூமன் என்று ஓர் எண்ணும், லக்ஸ் என்று ஓர் எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் புறப்படுகிற மொத்த வெளிச்சத்துக்கு லூமன் கணக்கு. ஓரிடத்தில் போய் விழுகிற வெளிச்சத்துக்கு லக்ஸ் கணக்கு. நடு வானில் நிற்கும் முழு நிலவு நமக்குத் தருவது சுமார் கால் லக்ஸ். விளக்குக் கம்பெனிகள் "இத்தனை மீட்டரில் 1 லக்ஸ்" என்று பெருமையாகப் போடுவார்கள். இருட்டில் மங்கலாக ஓர் உருவம் தெரிய அது போதும். பழுப்புக் கங்காருவை அடையாளம் காண அது போதுமா என்பது வேறு. பெட்டியில் லூமன் எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு லக்ஸைப் பற்றி வாயே திறக்காத விளக்கை நான் வாங்க மாட்டேன். மொத்த வெளிச்சம் எவ்வளவு இருந்தால் என்ன, அது பாதையில் விழாமல் வானத்துக்குப் போனால் யாருக்கு லாபம்?

சரி, வெளிச்சத்தை எப்படி ஓரிடத்துக்கு அனுப்புவது? பழைய டார்ச் ஒன்று கிடைத்தால் பிரித்துப் பார். பல்புக்குப் பின்னால் பளபளவென்று ஒரு குழிந்த கிண்ணம் இருக்கும். அதன் வளைவுக்குப் பரவளையம் என்று பெயர். அந்த வளைவில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் பல்பை வைத்தால், கிண்ணத்தில் பட்ட வெளிச்சமெல்லாம் ஒரே திசையில் நேராகக் கிளம்பும். கிண்ணம் பெரிதாக இருந்தால் கற்றை குறுகும். பம்பரில் இருக்கிற வட்ட விளக்குகள் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

குறுகிய கற்றை உள்ள விளக்கை ஸ்பாட் என்கிறார்கள். அகலமாகப் பரப்பும் விளக்குக்கு ஃப்ளட் என்று பெயர். ஒரு ஸ்பாட் 10 டிகிரி விரிகிறது என்று வை. 100 மீட்டர் தள்ளி அதன் வட்டம் 17 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஃப்ளட் 40 டிகிரி விரிந்தால் அதே இடத்தில் 73 மீட்டர் அகலம். பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 17 மடங்கு! ஒரே பல்பு, ஒரே மின்சாரம். ஃப்ளட்டில் போட்டால் ஒவ்வோர் இடத்துக்கும் 17இல் ஒரு பங்குதான் கிடைக்கும்.

அப்படியானால் ஸ்பாட்தான் நல்லதா? நேர்ச்சாலையில் வேகமாகப் போகிறவருக்கு ஆமாம். ஆனால் கங்காரு எங்கிருந்து வரும்? ஓரத்துப் புல்லிலிருந்து! 300 மீட்டர் முன்னால் உள்ள கிலோமீட்டர் கல் பளிச்சென்று தெரிகிறது. 40 மீட்டரில் இடப்பக்கம் தாவத் தயாராக நிற்கிற கங்காரு தெரியவில்லை. என்ன பயன்? அதனால் அந்த நாட்டில் பலர் ஒரு பக்கம் ஸ்பாட், மறு பக்கம் அதைவிட அகலமான விளக்கு என்று ஜோடி சேர்த்து மாட்டுகிறார்கள். ஒன்று தூரத்துக்கு, ஒன்று ஓரத்துக்கு.

மெதுவாகப் போகிற பாதைக்குக் கணக்கே வேறு. கேனிங் மந்தைத் தடம் என்று ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஒரு காலத்தில் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற வழி. சுமார் 1,850 கிலோமீட்டர், வழி முழுக்க மணல்மேடுகள். அங்கே மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகம்தான். அங்கே போய் ஒரு கிலோமீட்டர் பாயும் ஸ்பாட்டைப் போட்டு என்ன செய்வது? சக்கரத்துக்கு முன்னால் உள்ள குழியும் கல்லும் வேண்டும். ஃப்ளட் போதும். இன்னொரு வேடிக்கை: மணல்மேட்டில் வண்டி ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். விளக்கும் வானத்தைப் பார்க்கும்! உச்சியில் அந்தக் கணத்தில் எந்த விளக்காலும் எதிர்ச்சரிவைக் காட்ட முடியாது.

இங்கே உன் கண்ணைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். இதை நன்றாகக் கவனி.

இரவு மின்சாரம் போனால் முதலில் ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நேரத்தில் கட்டில் தெரியும், பிறகு கதவு தெரியும். உன் விழித்திரையில் கோல் வடிவச் செல்கள் இருக்கின்றன. மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பது அவற்றின் வேலை. முழுமையாக விழித்தெழ அவற்றுக்கு 20, 30 நிமிடம் வேண்டும். பளிச்சென்று ஒரு வெளிச்சம் பட்டால் போதும், அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து. கண்மணியும் வெளிச்சம் கண்டால் சட்டென்று சுருங்கிவிடும்.

இப்போது கூரையில் பெரிய ஃப்ளட் பட்டையை மாட்டிய ஒருவரைப் பார்ப்போம். வண்டிக்கு முன்னால் 20 மீட்டர்வரை பட்டப்பகல்! அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் அவர் கண் அந்தப் பகலுக்குப் பழகிவிட்டது. கண்மணி சுருங்கிவிட்டது. 150 மீட்டரில் நிற்கும் மாடு இப்போது அவருக்கு முன்பைவிடக் குறைவாகத் தெரியும். வெளிச்சம் கூடியது, பார்வை குறைந்தது! என்ன, நம்ப முடியவில்லையா? இரவில் பளிச்சென்று எரியும் வராந்தா விளக்கின் கீழ் நின்று தோட்டத்தைப் பார். பிறகு அந்த விளக்கை அணைத்துவிட்டுப் பார். எப்போது தோட்டத்தின் கோடி தெரிகிறது?

அதனால் அனுபவம் உள்ளவர்கள் வண்டிக்கு மிக அருகே விழும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவார்கள். வேகமாகப் போகும்போது கூரை ஃப்ளட்டை அணைத்துவிட்டுப் பம்பர் விளக்குகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருந்தால்தான் இது முடியும்.

கூரை விளக்குக்கு இன்னொரு குற்றமும் உண்டு. அதன் வெளிச்சம் வண்டியின் சொந்த பானெட்டிலேயே பட்டுக் கண்ணாடி வழியாக ஓட்டுநர் முகத்துக்கே திரும்பும். பழைய ராலிப் பந்தயக் கார்களில் பானெட்டை மட்டும் மங்கலான கறுப்பில் அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறாயா? அழகுக்கு அல்ல, இந்தக் கூச்சத்தைத் தவிர்க்கத்தான்.

அடுத்தது தூசி. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மண்பாதைகளில் முகப்பவுடரைவிட நைசான செம்புழுதி கிடக்கும். முன்னால் ஒரு வண்டி போனால் பின்னால் ஒன்றும் தெரியாது. தூசியில் விளக்கை எங்கே வைப்பது?

இதற்கும் சோதனை உண்டு. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருட்டறையில் இரண்டு மூன்று ஊதுபத்தி ஏற்று. புகை பரவட்டும். டார்ச்சை உன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து எதிர்ச் சுவரைப் பார். வெள்ளைத் திரை விழுந்ததுபோல் புகைதான் தெரியும், சுவர் தெரியாது. இப்போது டார்ச்சை முழங்காலுக்கு இறக்கு. அட! சுவர் தெரிகிறதே!

புகைத்துகளில் பட்ட வெளிச்சத்தில் ஒரு பகுதி, வந்த வழியே திரும்பிப் போகிறது. டார்ச் கண்ணருகே இருந்தால் திரும்பும் வெளிச்சம் நேரே கண்ணுக்குள் வரும். டார்ச் கீழே இருந்தால் நீ பார்க்கிற கோடும் வெளிச்சம் போகிற கோடும் வேறு வேறு. புரிகிறதா? கூரை விளக்கு ஓட்டுநரின் கண்ணுக்கு மிக அருகில். தூசியிலும் மூடுபனியிலும் முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான். பம்பருக்கும் கீழே, தாழ்வாக, அகலமாக, மேல்பக்கம் கத்தரித்த வெளிச்சம் தருகிற ஃபாக் லேம்ப்தான் அங்கே உதவும். ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் மூடுபனிக்குள் போயிருந்தால், டிரைவர் பிரைட்டைப் போடாமல் டிம்மிலேயே ஓட்டுவதைக் கவனித்திருப்பாய். காரணம் இப்போது உனக்குத் தெரியும்.

"மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்குமாமே?" என்று கேட்கிறாயா? நல்ல கேள்வி. பிரான்ஸ் நாட்டில் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான். வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம், காற்றின் மிகச்சிறிய மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பது. அதே கணக்கு பனிக்கும் பொருந்தும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஆனால் மூடுபனியின் நீர்த்துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே சிதறடிக்கும். மஞ்சள் பனியைத் துளைப்பதில்லை. நீலம் கலந்த வெள்ளை கண்ணை அதிகம் கூசவைக்கும். மஞ்சளில் அந்தக் கூச்சம் குறைவு, கண் களைக்காது. அவ்வளவுதான். அதற்காகவே மஞ்சளை விரும்புகிறவர்களை நான் தவறு சொல்ல மாட்டேன்.

பல்பு வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு ஹாலஜன். டங்ஸ்டன் இழை சூடாகி ஒளிரும். மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். இப்போது எல்.இ.டி. நீல ஒளி தரும் சிறு சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு. இரண்டும் கலந்து வெள்ளை. அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். ஹாலஜன் தரும் வெளிச்சத்தை எல்.இ.டி. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மின்சாரத்தில் தந்துவிடும். குலுக்கலில் அறுந்துபோக இழையும் இல்லை.

ஆனாலும் ஹாலஜனை முழுக்க ஒதுக்கிவிடாதே. ஸ்வீடன், பின்லாந்து பக்கம் குளிர்காலத்தில் ஓட்டுகிறவர்களைக் கேள். ஹாலஜன் விளக்கின் முன்கண்ணாடி சூடாகும். அதில் விழும் பனி உருகிவிடும். எல்.இ.டி.யின் சூடு பின்னால் உள்ள உலோகச் செதில்கள் வழியாகப் போய்விடும். முன்கண்ணாடி சில்லென்று இருக்கும். பனி அப்பிக்கொண்டு விளக்கை மூடிவிடும்! ஒரு நாட்டில் குறையாக இருந்தது இன்னொரு நாட்டில் நிறையாகிவிட்டது, பார்த்தாயா?

ஓடையில் இறங்கும் வண்டிக்கு ஐ.பி. 67, 68 என்று குறித்த விளக்கு வேண்டும். முதல் எண் 6 என்றால் தூசி நுழையாது. இரண்டாவது 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஓடைக்குள் இறங்குமுன் விளக்கை அணைத்துச் சற்றே ஆறவிடுவது நல்லது. சூடான விளக்கு சட்டென்று குளிர்ந்தால் உள்ளே உள்ள காற்று சுருங்கும். சின்ன விரிசல் இருந்தாலும் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: இதற்கெல்லாம் மின்சாரம் கொடுப்பது எப்படி?

100 வாட் ஹாலஜன் இரண்டு. மொத்தம் 200 வாட். பேட்டரி 12 வோல்ட். 200ஐ 12ஆல் வகு. ஏறத்தாழ 17 ஆம்பியர்! இவ்வளவு மின்சாரமும் ஓட்டுநர் கையருகே உள்ள குட்டி சுவிட்ச் வழியாகப் போனால் சுவிட்ச் உருகிவிடும். தடித்த வயரை அவ்வளவு தூரம் சுற்றிக் கொண்டுவரவும் வேண்டும். வயர் நீண்டால் வழியிலேயே வோல்ட் குறையும். ஹாலஜனில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். விளக்கு மங்கலாக எரிகிறதே என்று பெரிய பல்பு வாங்குகிறவர்கள் உண்டு. குற்றம் பல்பில் இல்லை, மெல்லிய வயரில்.

இதற்கு வழி ரிலே. உன் பள்ளியில் மணி எப்படி அடிக்கிறது என்று யோசி. தலைமையாசிரியர் தாமே எழுந்து போய்ச் சுத்தியலைத் தூக்குவதில்லை. அறையிலிருந்து தலையை ஒரு முறை அசைப்பார். வெளியே நிற்கும் அண்ணன் தண்டவாளத் துண்டை ஓங்கி அடிப்பார். டாங்! சின்னச் சைகை, பெரிய வேலை. ரிலேயில் தலையசைப்பது குட்டி சுவிட்ச். சுத்தியலைப் பிடித்திருப்பது ஒரு மின்காந்தம்.

ரிலே ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி அளவுதான். அதன் கால்களின் பக்கத்தில் பொடியாக 30, 87, 85, 86 என்று எழுதியிருக்கும். 85க்கும் 86க்கும் நடுவே உள்ளே ஒரு கம்பிச்சுருள். சுவிட்சிலிருந்து அதற்குள் மிகச்சிறிய மின்சாரம் போகும். மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியை அசைக்கும் என்று 1820இல் டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் கண்டுபிடித்தார் அல்லவா, அதே தத்துவம்தான். சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். "டிக்" என்று ஒரு சத்தம். 30ம் 87ம் இணைந்துவிடும். பேட்டரியிலிருந்து தடித்த, குட்டையான வயர் வழியாக 17 ஆம்பியரும் நேரே விளக்குக்குப் போகும்.

பேட்டரிக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸும் வேண்டும். ஏன் அருகில்? மண்பாதை அலைஅலையாக மேடுபள்ளம் விழுந்து கிடக்கும். நாள் முழுக்க வண்டி கடகடவென்று அதிரும். வயரின் மேலுறை இரும்பில் உராய்ந்து தேயும். செம்பு இரும்பைத் தொட்டால் நெருப்பு. ஃபியூஸ் விளக்குப் பக்கம் இருந்தால், அதற்கு முன்னால் நடக்கும் விபத்தை அது எப்படித் தடுக்கும்? நீயே படம் வரைந்து பார், விளங்கிவிடும்.

இதில் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. ரிலேயின் சுருளுக்குப் போகும் சின்ன மின்சாரத்தை ஹெட்லைட்டின் பிரைட் வயரிலிருந்தே எடுப்பார்கள். ஓட்டுநர் டிம் செய்தால் பிரைட் வயரில் மின்சாரம் நிற்கும். ரிலே விட்டுவிடும். கூடுதல் விளக்கு அத்தனையும் ஒரே கணத்தில் அணையும்! ஆஸ்திரேலியாவில் தூரம் பாயும் கூடுதல் விளக்குகள் இப்படி அணைய வேண்டும் என்பது விதி. எதிர்வண்டி 200 மீட்டருக்குள் வந்தால் டிம் செய்தாக வேண்டும். நல்லர்பாரில் நல்ல ஓட்டுநர் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. தொடுவானத்தில் சிறு ஒளி எழும்போதே டிம் செய்துவிடுவார். எதிரே வருவது பல பெட்டிகளை இழுத்துவரும் நீளமான ரோட் டிரெயின் லாரியாக இருக்கலாம். அதன் ஓட்டுநர் கண் கூசி ஒரு நொடி தடுமாறினால் யாருக்கு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

நம் ஊர்ச் சாலைகளில் எதிரே வருகிறவர் முகத்துக்கு நேரே எல்.இ.டி. பட்டையைப் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பாலைவனத்து விளக்குக்குச் சந்தையில் என்ன வேலை?

விளக்கு வாங்கியாயிற்று, மாட்டியாயிற்று, எரிகிறது. இன்னும் ஒன்று பாக்கி. அதைத் திருப்பி வைப்பது. விளக்கு 1 டிகிரி மேலே சாய்ந்தால் என்ன ஆகும்? உன் வடிவியல் பெட்டியில் உள்ள கோணமானியில் 1 டிகிரி எவ்வளவு மெல்லியது என்று பார். 300 மீட்டர் தள்ளி அது 5 மீட்டருக்கு மேல்! சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் ஒரு மாடி வீட்டின் உயரத்தில் போகும். கங்காருவின் தலைக்கு மேலே பளிச்சென்று ஒரு கற்றை, கீழே கும்மிருட்டு.

வண்டியில் தண்ணீர் கேன், கூடாரம், டீசல் எல்லாம் பின்னால் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும். மூக்கு தூக்கும். காலி வண்டியில் சரியாக வைத்த விளக்கு இப்போது வானம் பார்க்கும். ஆகவே மூட்டைகளை ஏற்றிய பிறகுதான் திருப்பி வைப்பார்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒரு விளக்கைத் துணியால் மூடி, மற்றொன்றைச் சரிசெய்வார்கள். பிறகு அடுத்தது. இருட்டில் ஒருவர் சாலையில் தூரத்தில் போய் நின்று, "இன்னும் கொஞ்சம் கீழே!" என்று கத்துவார். ஒரு மாலை நேரம் முழுக்க அதற்கே போய்விடும். கடையில் கொடுத்த பணத்தைவிட இந்த மாலைக்குத்தான் நான் அதிக மதிப்புத் தருவேன்.

இவ்வளவும் செய்த பிறகு, அந்த ஓட்டுநர்கள் இரவில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முடிந்தவரை ஓட்டுவதே இல்லை! பொழுது சாயும்போது சாலையோர விடுதியிலோ முகாமிலோ நிறுத்திவிடுவார்கள். உள்நாட்டில் கார் வாடகைக்குக் கொடுக்கும் பல நிறுவனங்கள், ஊருக்கு வெளியே சூரியன் மறைந்த பின் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. வண்டி பழுதாகிப் பிந்திவிட்டது, யாருக்கோ உடம்பு சரியில்லை, அடுத்த பெட்ரோல் பங்க் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற நாட்களுக்குத்தான் அத்தனை விளக்கும். அப்போதும் 100இல் போக மாட்டார்கள். வேகத்தை 80க்குக் குறைத்தால் அந்தச் சரளைப் பாதையில் நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்? நான் கணக்கிட்டபோது 95 வந்தது. நொடிக்கு 22 மீட்டர் என்று வைத்து, ஒன்றரை நொடிக்கான தூரத்தை முதலில் கண்டுபிடி. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் 62 மீட்டர் என்று எடுத்துக்கொள். உனக்கும் அதே விடை வருகிறதா என்று பார்.